நடுவரும் தரப்பினரும்: பிரெஞ்சிந்திய இணைப்பில் நகரசபைகளின் நிலைப்பாடு (1948–1962)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிலப்பகுதியின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் பொது வாக்கெடுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் ஒரு தரப்பைச் சாரலாமா என்னும் வினாவைப் பிரெஞ்சிந்திய வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. 1948ஆம் ஆண்டின் இந்திய-பிரெஞ்சு உடன்பாடு, வாக்கெடுப்பின் முறையையும் நாளையும் வகுக்கும் பொறுப்பை நகரசபைகளிடம் ஒப்படைத்தது. 1954இல் நகரசபைகள் வாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானித்தன. தரப்பெடுப்பதும் மக்களுக்குப் பதிலாக முடிவெடுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதும், அவற்றை வேறுபடுத்தாமல் இந்நிகழ்வை மதிப்பிட இயலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

கருச்சொற்கள்: பிரெஞ்சிந்தியா, கொம்யூன், நகரசபை, பொது வாக்கெடுப்பு, கீழூர், சந்திரநாகூர், குடியுரிமை.

முன்னுரை

புதுச்சேரி விடுதலை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தலைவர்களையும் இயக்கங்களையும் மையப்படுத்தியே எழுதியுள்ளனர். தொழிலாளர் போராட்டம், வ. சுப்பையாவின் பணி, எதுவார் குபேரின் நிலைமாற்றம் முதலியன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இந்த அரசியலின் நிலைக்களனாக விளங்கிய நகரசபை என்னும் அமைப்போ தனியாக ஆராயப்பட்டது குறைவு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடைபெற்ற வாக்கெடுப்பை நூல்களும் விழா உரைகளும் 'பொது வாக்கெடுப்பு' என்றே குறிப்பது இதன் விளைவுகளுள் ஒன்று. அங்கே வாக்களித்தோர் 178 பேர். அனைவரும் மக்கள் பிரதிநிதிகள். பொதுமக்கள் எவரும் அங்கு வாக்களிக்கவில்லை. இச்சொல்வழக்கு மறைக்கும் சிக்கலே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும்.

கொம்யூன்களின் அமைப்பு

பிரெஞ்சிந்தியாவில் உள்ளாட்சி முறை 1880 மார்ச் 12ஆம் நாளிட்ட ஆணையால் நிறுவப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆயிற்று: புதுச்சேரிப் பகுதியில் 8, காரைக்காலில் 6, சந்திரநாகூர், மாஹே, ஏனாம் ஆகியவற்றில் ஒவ்வொன்று. ஒவ்வொரு கொம்யூனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் அதன் தலைவராக மேரும் இருந்தனர். ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் தனித்தனி வாக்காளர் பட்டியல் என்னும் பாகுபாடு நெடுங்காலம் நிலவியது. இரண்டாம் உலகப் போரின் இறுதியை ஒட்டியே அது நீங்கி, பெண்கள் உள்ளிட்ட வயதுவந்தோர் வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது.

பிரெஞ்சு மரபில் மேர் இரட்டைப் பொறுப்பு உடையவர். ஒருபுறம் அவர் கொம்யூன் மக்களின் பிரதிநிதி. மறுபுறம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பேணும் அரசின் முகவர். தேர்தல் பணியும் பெரிதும் அவருடைய அலுவலகத்தைச் சார்ந்தே நடந்தது. எனவே சபையைக் கைப்பற்றிய கட்சி அடுத்த தேர்தலின் நடைமுறையையும் தன் செல்வாக்கிற்குள் கொண்டுவர முடிந்தது. பிரெஞ்சிந்தியத் தேர்தல்களில் வன்முறையும் முறைகேடும் மிகுந்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1948இல் நகரசபைகளிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பின் கனத்தை உணர இப்பின்புலம் இன்றியமையாதது.

1948: நடுவராக நகரசபை

1948 ஜூன் மாதத்தில் இந்திய, பிரெஞ்சு அரசுகள் ஓர் உடன்பாட்டிற்கு வந்தன. ஐந்து குடியேற்றப் பகுதிகளின் மக்களும் தம் அரசியல் எதிர்காலத்தைத் தாமே முடிவுசெய்யலாம். வாக்கெடுப்பின் முறையையும் நாளையும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் நகரசபைகள் வகுக்கும் என்பதே அதன் சாரம். பிரான்சுக்கு இது அரசமைப்பு சார்ந்த தேவையாகவும் இருந்தது. 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் இசைவின்றி நிலப்பகுதி எதையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என வரையறுத்திருந்தது.

இவ்வுடன்பாடு நகரசபைகளுக்கு நடுவர் நிலையை அளித்தது. ஆயின் அந்நடுவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலே 'இந்தியாவா, பிரான்சா' என்னும் வினாவின்மீது நடைபெற்றது. 1948 அக்டோபர் தேர்தலில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி வென்றது. பிரெஞ்சு ஒன்றியத்திற்குள் தன்னாட்சி என்பதே அப்போது அக்கட்சியின் நிலைப்பாடு. மாஹேயில் தேர்தலை ஒட்டிக் கிளர்ச்சி மூண்டு, மகாஜன சபையினர் சில நாள் நிர்வாகத்தையே கைப்பற்றினர். நகரசபைகள் 1954இல்தான் தரப்பெடுத்தன என்னும் கருத்து இதனால் பொருந்தாமற் போகின்றது. 1948இலேயே அவை ஒரு தரப்பின் சபைகளாகத்தான் அமைந்தன. அன்று அவை சார்ந்த தரப்பு பிரான்சு என்பதே வேறுபாடு.

சந்திரநாகூர்: சார்பும் வாக்கெடுப்பும்

வங்காளத்திலிருந்த சந்திரநாகூரின் போக்கு வேறாக அமைந்தது. அது 1947இலேயே தனிநகர்த் தகுதி பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலில் இந்திய இணைப்பை ஆதரித்தோர் பெரும்பான்மை பெற்றனர். அச்சபையின் சார்பு வெளிப்படையானது. எனினும் அச்சார்பு வாக்கெடுப்பின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1949 ஜூன் 19 அன்று மக்கள் வாக்களித்தனர். இணைப்பிற்கு ஆதரவாக 7,473 வாக்குகளும் எதிராக 114 வாக்குகளும் பதிவாயின. 1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1951 பிப்ரவரி 2 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1952 ஜூன் 9 முதல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. வாக்கெடுப்பிலிருந்து சட்டப்படியான இணைப்பு வரை மூன்று ஆண்டுகளே ஆயின.

சபை ஒரு தரப்பைச் சார்ந்திருப்பது மட்டுமே வாக்கெடுப்பைச் செல்லாததாக்கிவிடாது என்பதற்குச் சந்திரநாகூர் சான்றாகின்றது. சபையின் கருத்தை ஏற்கவும் மறுக்கவும் வாக்காளர்க்கு வாய்ப்பு இருந்தது. மறுத்தோரின் எண்ணிக்கையும் பதிவாகியுள்ளது.

கைகூடாத வாக்கெடுப்பு

ஏனைய நான்கு பகுதிகளில் வாக்கெடுப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. 1949இல் இந்தியா சுங்க உடன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் எல்லையில் எழுந்த சுங்கக் கெடுபிடி அன்றாட வாழ்வைப் பாதித்தது. பகுதிக்குள் இணைப்பு ஆதரவாளர்கள் வன்முறைக்கு ஆளாயினர். 1951இல் பன்னாட்டு நீதிமன்றத்தின் வழித் தெரிவுசெய்யப்பட்ட நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து நிலைமையை ஆராய்ந்தனர். அச்சமற்ற வாக்கெடுப்பிற்கு உரிய சூழல் அங்கு இல்லை என்பதே அவர்களின் முடிவு. இதன் பின்னர் 1952இல் இந்திய அரசு வாக்கெடுப்புத் திட்டத்தைக் கைவிட்டு நேரடி ஒப்படைப்பை வலியுறுத்தலாயிற்று. பிரான்சோ தன் அரசமைப்பைச் சுட்டி வாக்கெடுப்பையே வற்புறுத்தியது.

இவ்விரு நிலைப்பாடுகளிலும் தன்னலம் கலந்திருந்தது. நிர்வாகமும் பெரும்பாலான மேர்களும் தன் பக்கம் இருந்தவரை வாக்கெடுப்பு பிரான்சுக்கு உவப்பாக இருந்தது. அதே காரணத்தால் இந்தியா அதை ஐயுற்றது. வாக்கெடுப்பை நடத்தும் அமைப்பே ஒரு தரப்பாக இருக்கையில், வாக்கெடுப்பு வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் கொள்கை சார்ந்த நிலைப்பாடுகளாக நிலைப்பது அரிது.

1954 மார்ச்: தீர்மானங்கள்

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதி நகரசபைகளின் தரப்பில், பொது வாக்கெடுப்பின்றி உடனே இந்தியாவோடு இணைய வேண்டும் என்னும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. சில நாள்களில் காரைக்கால் கொம்யூன்களும் அவ்வழி நின்றன. பிரெஞ்சிந்திய மக்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் இக்கொம்யூன்களில் வாழ்ந்தனர். மார்ச் மாத இறுதியில் குபேர் நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசை அமைத்தார். ஜூன் 13 அன்று ஏனாமும் ஜூலை 16 அன்று மாஹேயும் பிரெஞ்சுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. மேர்களின் ஆதரவை இழந்த பிரெஞ்சு நிர்வாகம், புதுச்சேரியில் எஞ்சிய பகுதிகளிலும் காலூன்ற இயலாத நிலையை அடைந்தது.

குபேரின் நிலைமாற்றத்திற்குச் சுங்கக் கெடுபிடியும் பிரெஞ்சு நிர்வாகத்தோடு ஏற்பட்ட பிணக்குமே காரணம் என்பார் உளர். அக்கூற்றில் உண்மை இருப்பினும், அது இங்கு எழும் வினாவிற்கு விடையாகாது. தலைவரின் உள்நோக்கம் எதுவாயினும், சபையின் தீர்மானத்திற்கு இருந்த உரிமை யாது என்பதே ஆராயத்தக்கது.

இவ்விடத்தில் இரண்டு வாதங்களை எதிரெதிரே நிறுத்தலாம். சபை உறுப்பினர்கள் வயதுவந்தோர் வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நேர்மையான வாக்கெடுப்பு நடத்த இயலாது என்று நடுநிலையாளரே கூறிவிட்ட நிலையில், மக்கள் குரலை எடுத்துரைக்க அவர்களைவிடத் தகுதியுடைய அமைப்பு வேறில்லை என்பது முதல் வாதம். 1948 உடன்பாடு சபைகளுக்கு அளித்தது வாக்கெடுப்பை வகுக்கும் பொறுப்பே. அதை நீக்கும் அதிகாரம் அன்று. பிரெஞ்சுச் சார்பைக் கூறி வாக்குப் பெற்றோர் அதற்கு நேர்மாறான முடிவை வாக்காளரைக் கேளாமலே எடுத்தது ஆணை மீறல் என்பது இரண்டாம் வாதம். முதல் வாதம் தரப்பெடுக்கும் உரிமையை நிலைநாட்டுகின்றது. இரண்டாம் வாதம் அவ்வுரிமையின் எல்லையைக் காட்டுகின்றது. மார்ச் தீர்மானங்களை மக்கள் கோரிக்கையாகக் கொண்டால் இரண்டிற்கும் முரண்பாடு இல்லை. அவற்றை இறுதி முடிவாகக் கொள்ளும்போதே முரண் எழுகின்றது.

கீழூர்: பதிலியாக நகரசபை

அக்கோரிக்கையை முடிவாக மாற்றியவை இரு அரசுகளுமே. 1954இல் இந்தோசீனப் போரில் தோல்வியுற்ற பிரான்சு, ஜூன் மாதத்தில் மெந்தேஸ் பிரான்சின் தலைமையில் புதிய அரசைப் பெற்றது. அவ்வரசு இந்தியாவோடு உடன்பாடு காண விரைந்தது. 27ஆம் பிரிவு கோரிய 'மக்கள் இசைவு' எவ்வாறு பெறப்படும் என்பது மட்டுமே எஞ்சியது. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் ஒன்றுகூடி வாக்களிப்பது என்னும் தீர்வு காணப்பட்டது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பேருள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். அக்டோபர் 21 அன்று உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

கீழூரில் ஆதரவு 95.5 விழுக்காடு, சந்திரநாகூரில் 98.5 விழுக்காடு. இவ்விரு விகிதங்களும் நெருங்கியிருப்பதால் இரு வாக்கெடுப்புகளும் ஒரே தன்மையன போலத் தோன்றக்கூடும். சந்திரநாகூரின் 114 என்பது மறுத்த குடிமக்களின் எண்ணிக்கை. கீழூரின் 8 என்பது மறுத்த உறுப்பினர்களின் எண்ணிக்கை. இணைப்பை ஆதரித்த 170 உறுப்பினர்களின் தொகுதிகளில் மறுத்திருக்கக்கூடிய மக்கள் எத்தனை பேர் என்பதற்குப் பதிவே இல்லை. அவர்கள் மிகச் சிலராகவும் இருந்திருக்கலாம். ஆயினும் அவர்களை எண்ணுவதற்குரிய வழியே வகுக்கப்படவில்லை என்பதுதான் கருதத்தக்கது.

திரும்பி வந்த வினா

கேட்கப்படாத அவ்வினா வேறு வடிவங்களில் மீண்டும் எழுந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகியும், இரு நாடுகளும் ஏற்பு ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டது 1962 ஆகஸ்டு 16 அன்றுதான். சந்திரநாகூரில் மூன்றாண்டில் முடிந்த பயணம் இங்கே கீழூரிலிருந்து கணக்கிட்டாலும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. இக்காலத் தாழ்விற்கு அல்ஜீரியப் போரின் அரசியலே பெருங்காரணம் எனினும், மக்கள் இசைவு நேரடியாகப் பெறப்படவில்லை என்னும் குறை ஒப்பந்தத்தை எதிர்த்தோர்க்குத் துணையாயிற்று.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பின், இப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடியினர் ஆறு திங்களுக்குள் எழுத்து வழி விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்னும் விதி செயற்பட்டது. அவ்வாறு தெரிவிக்காதோர் இந்தியக் குடியினர் ஆயினர். 1954இல் ஊருக்குப் பொதுவாகச் சபை விடையளித்த வினா, 1962இல் ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலுக்கும் தனித்தனியாக வந்து நின்றது. புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதற்கு இவ்விதி ஒரு முதன்மைக் காரணமாகும்.

அவ்வொப்பந்தத்தின் இரண்டாம் பிரிவும் நோக்கத்தக்கது. இப்பகுதிகளின் தனித்த நிர்வாகத் தகுதியில் அரசமைப்பு சார்ந்த மாற்றம் செய்யின், மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்கின்றது அது. புதுச்சேரியை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் கருத்து 1979இல் எழுந்தபோது மூண்ட கடும் எதிர்ப்பு, இவ்விதியின் உயிர்ப்பை உணர்த்தியது. ஆயின் அவ்விருப்பத்தை யாரிடம், எவ்வகையில் அறிவது என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை. கீழூரை முன்மாதிரியாகக் கொண்டால் உறுப்பினர் வாக்கே போதும். சந்திரநாகூரைக் கொண்டால் குடிமக்கள் வாக்கே வேண்டும்.

முடிவுரை

தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பைப் பெரும் அரசியல் வினாக்களில் வாய்மூடி இருக்கச் சொல்வது பொருந்தாது. 1954 மார்ச்சில் நகரசபைகள் பேசியிராவிடின் முட்டுக்கட்டை நீங்கியிராது. ஆயினும் தரப்பெடுக்கும் சபை வாக்கெடுப்பை நடத்தும் பொறுப்பில் இருத்தல் ஆகாது என்பதைப் பிரெஞ்சிந்தியாவின் 1948-1952 அனுபவம் காட்டுகின்றது. தன் கருத்தைச் சொன்ன சபை மக்களின் விடைக்கும் இடம்விட வேண்டும் என்பதைச் சந்திரநாகூரையும் கீழூரையும் ஒப்பிட்டு அறியலாம்.

கீழூர் நிகழ்வைப் 'பிரதிநிதிகள் வாக்கெடுப்பு' என்று குறிப்பது அதன் சிறப்பைக் குறைத்துவிடாது. அது அந்நிகழ்வை உள்ளவாறு பெயரிடுதலே ஆகும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக அன்று முடிவெடுத்த அதே உள்ளாட்சி அமைப்புகளுக்கு, 1968ஆம் ஆண்டிற்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் மீண்டும் தேர்தல் நடைபெற்றது. நாட்டின் எல்லையையே மாற்றும் தகுதி நகரசபைகளுக்கு உண்டு என்று கருதிய அரசியல், அவற்றை இயல்பான காலத்தில் இயங்கவிடும் தேவையை உணரவில்லை. கீழூரை ஆராய முற்படுவோர் இம்முரணையும் உடன்வைத்தே ஆராய வேண்டும்.