நாடாளுமன்றம் எழுதாத விதிகள்

1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அதில் இல்லாத விதிகளைச் சேர்த்தார்கள். கைதுக்கு முன் உயரதிகாரியின் ஒப்புதல் வேண்டும். வழக்குப் பதியுமுன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். காவல் நிலைய வாசலில் புகாரோடு காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியில் கட்டப்பஞ்சாயத்தும் மிரட்டலும்தான் நடக்கும்.

ஏப்ரல் 2 பாரத் பந்த். குவாலியரில் தலித்துகள் குண்டடிபட்டுச் செத்தார்கள். அதன் பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது (தானாக அசைந்ததாக இப்போது பேசுகிறார்கள்). ஆகஸ்டில் 18ஏ பிரிவு வந்து அந்த இரண்டு விதிகளையும் நீக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றமே தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றது. முகாந்திரம் இல்லாவிட்டால் முன்ஜாமீன் தரலாம் என்ற கதவை மட்டும் திறந்தே வைத்தது.