ராசுவுக்குள் புகுந்த கருப்பு

போன மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ராத்திரி பத்து மணிக்குப் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு ஏதோ இங்கிலீஷ் பேய்த் தொடர் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, இதுல ஒருத்தன் இருக்கான். மொதல்ல எல்லாரும் அவனக் கேலி பண்ணுவாங்க. எதச் செஞ்சாலும் சொதப்புவான். கடைசில அவன்தான் பெரிய வில்லனா மாறுவான். உங்க காலத்துல இந்த மாதிரி உண்டா?" என்று கேட்டான்.

"உங்க அப்பன் காலேஜ் படிக்கிறப்பவே நாங்க பார்த்துட்டோம்டா" என்றேன். அவன் நம்பவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நம் வயதுக்காரர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். 'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' பற்றித்தான் எழுதப் போகிறேன். கூடவே, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டி.வி. நம் பக்கம் வந்த கதை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் நமக்கு அது எட்டாக்கனி. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும், மொட்டை மாடியில் உயரமான கம்பியில் ஆன்டெனா கட்டி, "தெரியுதா? தெரியுதா?" என்று கீழே இருப்பவனிடம் கத்திக்கொண்டே திருப்புவோம். பாதி நேரம் புள்ளிகள்தான் தெரியும். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் தென்மாவட்டத்துக்குச் சென்னை நிகழ்ச்சிகள் தெளிவாகக் கிடைத்தன. அடுத்து 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. தொடங்கியது. தெருவுக்குத் தெரு கேபிள் ஒயர் தொங்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் 'மர்மதேசம்' வந்தது. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். இயக்கம் நாகா. முதலில் வந்தது 'ரகசியம்'. நவபாஷாண லிங்கம், சித்தர், பைரவர், ராத்திரியில் வரும் நாய் என்று அந்தக் கதை போகும். அது முடிந்து 1997-98-ல் வந்ததுதான் 'விடாது கருப்பு'.

இந்திரா சௌந்தர்ராஜன் நமக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. மதுரையில் வாழ்ந்து எழுதியவர். 2024 நவம்பரில் மதுரையிலேயே காலமானார். செய்தி கேட்ட அன்று எனக்கு மனசு சரியில்லை. இந்தத் தொடருக்கு மூலமான அவருடைய நாவலின் பெயர் 'விட்டு விடு கருப்பா'. நாவலின் தலைப்பு ஒரு மனுஷன் சாமியிடம் கெஞ்சுவது. தொடரின் தலைப்பு சாமி அதற்குச் சொல்கிற பதில். இந்த ஒற்றுமை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. இன்றைக்கும் கடன்காரன் வீடு தேடி வந்தால் "விடாது கருப்பு" என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தப் பேச்சை ஊர் ஊராகப் பரப்பியது இந்தத் தொடர்தான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். (முடிவையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.) தோட்டக்காரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே தப்பு செய்தவனைக் காவல் தெய்வமான கருப்பு தண்டிக்கும் என்பது நம்பிக்கை. சாவுகள் விழுகின்றன. ராத்திரியில் வெள்ளைக் குதிரை வருகிறது. சாமிதான் செய்கிறதா, மனுஷன் செய்கிறானா என்று ஊரே குழம்புகிறது. இதற்கு நடுவே, பழைய காலக் கதை ஒன்று தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ராசு என்று ஒரு சின்னப் பையன். பாட்டியின் அடிக்கும் வசவுக்கும் நடுவில் நடுங்கிக்கொண்டே வளருகிறவன். 'இந்தப் பையனுக்கும் அந்தக் கொலைகளுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாராவாரம் யோசிப்போம்.

கடைசியில் முடிச்சு அவிழும். அந்தப் பையன் வளர்ந்துதான் ராஜேந்திரன் ஆகியிருக்கிறான். ஊரில் யாரும் சந்தேகப்படாத அந்தச் சாதுவான ராஜேந்திரனுக்குள் ஒரு கருப்பு உட்கார்ந்திருக்கிறான். ஒரே உடம்பில் இரண்டு ஆள். பகலில் இருப்பவனுக்கு ராத்திரி வருகிறவனைத் தெரியாது. ராஜேந்திரனாக நடித்தவர் சேத்தன். அதே தொடரில் நடித்த தேவதர்ஷினியைப் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அந்த முடிவுக்குப் பிறகு சேத்தனை எந்தப் படத்தில் பார்த்தாலும் என் வீட்டம்மா, "இந்த ஆள நம்பாதீங்க" என்று சொல்வாள்.

இரட்டை மனுஷன் கதை உலகத்துக்குப் புதுசு இல்லை. ஸ்டீவன்சன் எழுதிய ஜெகில், ஹைட் கதை 1886-லேயே வந்துவிட்டது. அங்கே ஒரு டாக்டர் மருந்து குடித்து இன்னொருவனாக மாறுவார். நம் சினிமாவிலும் 2005-ல் ஒரே வருஷத்தில் 'சந்திரமுகி', 'அந்நியன்' என்று இரண்டு படங்கள் வந்து சக்கைப்போடு போட்டன. ஆனால் அவற்றுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாலேயே நம் வீட்டுக் கூடத்துக்குள் அந்த வியாதியைக் கொண்டுவந்தது ராஜேந்திரன்தான். மருத்துவர்கள் இதற்குப் பல ஆளுமைக் கோளாறு என்று பெயர் வைத்திருந்தார்கள். 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அந்தப் பெயரையும் மாற்றினார்கள். சின்ன வயதில் தாங்க முடியாத கொடுமையை அனுபவித்த குழந்தை, 'இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது' என்று மனசைப் பிரித்து வைத்துக்கொள்வதுதான் இதற்கு வேர் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ராசுவின் கதை அதுதான். அவன் மருந்து எதுவும் குடிக்கவில்லை. பயத்தை மட்டும்தான் குடித்தான்.

ராசுவின் பாட்டியாக நடித்தவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. அவர் சி.டி.ராஜகாந்தம். 1941-ல் வந்த 'சபாபதி' படத்தில் காளி என்.ரத்னத்தோடு சேர்ந்து நம் அப்பா, அம்மாக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர். சிரிப்பு நடிகை என்றே பெயர் எடுத்த அந்த அம்மா, தள்ளாத வயதில் கம்பும் கையுமாக வந்து ஒரு குழந்தையை மிரட்டினார். என் மாமியார் முதல் நாள் பார்த்துவிட்டு, "நம்ம ராஜகாந்தமா இது? பாவி மக, இப்படிப் பயமுறுத்துறாளே" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாகேஷ் 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லனாக வந்தபோதும் இப்படித்தான் சங்கடமாக இருந்தது. சிரிக்க வைத்தவர்கள் முகம் மாறினால் நமக்குத் தாங்காது. பிறவி வில்லனைக் கண்டு அவ்வளவு பயம் வருவதில்லை.

இனி நம்மூர்க் கருப்பனுக்கு வருகிறேன். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பரைப் பார்த்திருப்பீர்கள். உருவம் கிடையாது. சாத்திய கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். அந்தப் படியில் நின்று பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். கோர்ட்டில் தீராத வழக்கு அங்கே தீர்ந்தது என்று எத்தனையோ கதைகள் உண்டு. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் கள்ளழகரே கருப்பரிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறார். நம் விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்க் கரைகளிலும் அருவாளோடும் மண் குதிரையோடும் அவர் நிற்கிறார். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பம் வருமே, அதில் லட்சுமி, முருகன், பிள்ளையார் எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். நான் புரட்டிய ஆல்பங்களில் கருப்பசாமி படம் அபூர்வம். கோபமான சாமியை வீட்டுச் சுவரில் மாட்ட மனுஷனுக்குத் தைரியம் வருவதில்லை.

இப்போது என் விஷயம்.

நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் தமிழ் வாத்தியார். 1983-ல் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவள். அப்பா இல்லை. இவனும் விடியற்காலை எழுந்து பெட்டி ஒட்டிவிட்டுப் பசை காயாத விரலோடு வகுப்புக்கு வருவான். பேச்சு திக்கும். எதைக் கொடுத்தாலும் கீழே போடுவான். சாக்பீஸ் டப்பாவை எடுத்து வரச் சொன்னால் வாசற்படியில் தடுக்கி விழுவான். நான் அவனுக்கு 'தொடைநடுங்கி' என்று பெயர் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். வகுப்பு தூங்கி வழிந்தால் அவனை எழுப்பிச் செய்யுள் வாசிக்கச் சொல்வேன். திக்குவான். பையன்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்குக் கோமாளி வேஷம் கொடுத்தேன். வசனம் வராமல் மேடையில் நின்றான். ஊரே கைதட்டிச் சிரித்தது. 'நல்லா நடிக்கிறான் சார்' என்று பாராட்டினார்கள். அவன் நடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவனைவிடச் சின்னப் பையன் ஒருவன் 'தொடைநடுங்கி' என்று கூப்பிட்டிருக்கிறான். இவன் ஒரு வார்த்தை பேசாமல் கல்லை எடுத்து அந்தப் பையன் தலையில் அடித்துவிட்டான். நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்தபோது அவன் முகத்தைப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. கண் இமைக்கவில்லை. "என்னடா செஞ்ச?" என்று கேட்டால், "நான் ஒண்ணும் செய்யல" என்கிறான். அந்தச் சமயத்தில் மட்டும் திக்கவே இல்லை. ஆயாம்மா, "கருப்பு புகுந்துருச்சு சார்" என்று விபூதி பூசினார். அடிபட்ட பையனுக்கு நாலு தையல் போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். இவன் மறுநாள் முதல் பள்ளிக்கு வரவில்லை. ஏதோ ஒரு பட்டாசு ஆலையில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் வீடு தேடிப் போகவில்லை. 'கழுதை தொலைந்தது' என்றுதான் நினைத்தேன்.

பதினைந்து வருஷம் கழித்து, 'விடாது கருப்பு' முடிவு வந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் 'ராஜேந்திரனா! அந்த அப்பாவியா!' என்று ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் கண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எல்லோரும் ராசுவுக்காக அழுதார்கள். நான் மட்டும் ராஜகாந்தம் கையில் இருந்த கம்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையில் கம்புகூட இல்லை. ஒரு பட்டப்பெயர் போதுமாக இருந்தது.

2001 என்று நினைவு. சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் கருப்பசாமி கோயில் பொங்கலுக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். நடுச்சாமத்தில் உறுமி முழங்க, சாமியாடி வந்தார். கச்சை கட்டி, கையில் சாட்டையோடு, இரண்டு பேர் பிடித்த அருவாள் மேல் ஏறி நின்றார். குறி சொன்னபோது குரல் கணீரென்று இருந்தது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கைகட்டி நின்றார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். அவன்தான்.

விடியற்காலையில் சாமி மலையேறியதும் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போனேன். டக்கென்று எழுந்தான். "சா... சார், வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றான். திக்கல் திரும்ப வந்திருந்தது. டீ வாங்க ஓடியவன் கல்லில் கால் தடுக்கித் தடுமாறினான். எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டேன்.

"தம்பி, அன்னைக்கு நான் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பையன் நல்லா இருக்கானா சார்?" என்று மட்டும் கேட்டான். தையல் போட்ட பையனைக் கேட்கிறான். திருப்பூரில் இருப்பதாகச் சொன்னேன். "அது போதும் சார்" என்றான். என்னை மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது தட்டிலிருந்து விபூதி எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டான்.

அவனுக்குள் வந்த கருப்புக்கு அவன் ஊர் ஒரு கோயிலும், ஒரு நாளும், வந்த வழியே திரும்பிப் போக ஒரு விடியற்காலையும் கொடுத்திருந்தது. ராசுவுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. தொடரில் அது கொலையாக முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

பேரனிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அவன் செல்போனை அணைத்துவிட்டு, "தாத்தா, எங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருக்கான்" என்றான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நானும் தூண்டிக் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று பஸ் ஏறும் முன்பு, ஐந்து நட்சத்திர மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கித் தரச் சொன்னான். "எதுக்குடா ரெண்டு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு அவனுக்கு" என்றான்.