நாற்சார் வீடும் குளிரூட்டிப் பொறியும்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டின் நடுமுற்றம் சூடேறிய காற்றை மேலே போக்கியது; விறாந்தை வெயிலைச் சுவரில் அண்டவிடாது காத்தது. 1902ஆம் ஆண்டில் நியூயோர்க் அச்சகமொன்றின் ஈரப்பதத்தை அடக்க வில்லிஸ் காரியர் வகுத்த பொறியே இன்றைய குளிரூட்டியின் முன்னோடி. அது பரவியபின் வணிக மாளிகைகள் பல முற்றத்தையும் விறாந்தையையும் கைவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பின. புகுந்த வெப்பத்தை வெளியேற்றப் பொறி ஓயாது உழைத்தது. மின்கட்டணம் வணிகர் தலையில் விழுந்தது. பொறிகளில் நிறைத்த வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால் 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை பிறந்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த வாயுக்களோ புவியைச் சூடேற்றுவன. ஆதலால் 2016இல் கிகாலியில் அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்டது. பழைய பொறியை மாற்ற எண்ணும் நம் வணிகர், முதலில் சுவருக்கு நிழல் அமைப்பாராக. வெயில் தாக்காத மாளிகைக்குச் சிறு பொறியே போதும்.