கழுத்தில் முளைத்த விலா எலும்பு

மனிதருக்கு 24 விலா எலும்புகள்னு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். எனக்கு 26. கூடுதல் இரண்டும் கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பிலிருந்து கிளம்புகின்றன. இது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் வராது. எனக்கு வந்தது. வலது கையைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்தால் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். 'கம்ப்யூட்டர் வேலைன்னா அப்படித்தான்' என்ற பதிலைப் பல வருஷம் கேட்ட பிறகு, ஒரு எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னது. அதற்கப்புறம்தான் இதன் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

இந்த எலும்பைப் பற்றிக் கேலன் காலத்திலேயே தெரியும். ஆனால் கையின் நோய்க்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம் என்பது வெகு தாமதமாகத்தான் பிடிபட்டது. 1821இல் ஆஸ்ட்லி கூப்பர் இந்த எலும்பையும் கைக்கு ரத்தம் குறைவதையும் முடிச்சுப்போட்டார். 1861இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஹோம்ஸ் கூட் அதை வெட்டி எடுத்தார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. அது வர இன்னும் 34 வருஷம். லிஸ்டரின் கிருமிநாசினி முறைகூட 1867இல்தான் வெளியானது. துணிச்சல்தான், இல்லையா?

எக்ஸ்ரே வந்ததும் எலும்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பழியை எலும்பு மேல் போடுவதும் சுலபமானது. கதை அங்கே திரும்புகிறது. 1910இல் மெல்போர்னில் தாமஸ் மர்ஃபி, கூடுதல் எலும்பே இல்லாத ஒருவருக்கு, எல்லோருக்கும் இருக்கும் முதல் விலா எலும்பை எடுத்துக் குணப்படுத்தினார். 1927இல் ஆட்சனும் காஃபியும் எலும்பைத் தொடாமல், பக்கத்திலுள்ள ஸ்கேலீன் தசையை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஆக, பிரச்சினை எலும்பு அல்ல, இடநெருக்கடி. தமனியும் நரம்புகளும் கடக்கும் சந்து குறுகினால், எது குறுக்கினாலும் விளைவு ஒன்றுதான்.

இன்னொரு முக்கியமான ஆள் ஹால்ஸ்டெட். நெருக்குண்ட இடத்தைத் தாண்டியதும் தமனி ஏன் வீங்குகிறது என்று நாய்களில் சோதித்து, 1916இல் எழுதினார். அந்த வீக்கத்தில் ரத்தம் உறைந்து, கட்டி விரல்களுக்கு ஓடினால் விரலே போகலாம்.

எனக்கு இந்த வரலாறு வெறும் பொழுதுபோக்கு இல்லை. அறுவை சிகிச்சையா, வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே 'தமனி வீங்கியிருக்கா?' என்பதுதான். ஸ்கேனில் இல்லை. அதனால் இப்போதைக்கு பிசியோதெரபியும், குறித்த இடைவெளியில் ஸ்கேனும். உங்களுக்கும் ஒரு கை மட்டும் வெளுத்துச் சில்லிட்டால் கீபோர்டைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்காதீங்க. கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்க.