கீறல் விழாத கடிகாரம்

எட்டயபுரத்தில் எங்கள் பெரியப்பா பருத்திக் கமிஷன் வியாபாரம் செய்துவந்தார். 1991-ஆம் வருஷம் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எனக்கு அப்போது வயது பத்து. மாப்பிள்ளைக்கு என்று சிங்கப்பூர் ஆசாமி ஒருவர் மூலம் ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் வரவழைத்திருந்தார். கம்பெனியின் பெயர் வேண்டாம். அதன்மேல் எனக்கு ஒரு வழக்கும் கிடையாது. பொன் நிறம், உள்ளங்கையில் வைத்தால் கனம். அதன் விசேஷமெல்லாம் கண்ணாடியில்தான் இருந்தது.

"மாப்ளே, ஊசிய வச்சு இழுத்தாலும் இதுல கீறல் விழாது, பாத்துக்கிடுங்க" என்றார் பெரியப்பா. சொன்னதோடு நிற்கவில்லை. பெரியம்மாவின் கோணி ஊசியை வாங்கிச் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சர்ரென்று இழுத்துக் காட்டினார். பிறகு தீப்பெட்டியின் பக்கவாட்டு மருந்துப் பட்டையில் தேய்த்தார். கோவில்பட்டிப் பக்கத்து ஜனங்களுக்குத் தீப்பெட்டிப் பட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளும் சேர்ந்தது அது. சாதாரணக் கடிகாரத்தை நாலு தரம் தேய்த்தால் போதும், முகம் மங்கிவிடும். இதுவோ பளிங்கு மாதிரி இருந்தது. சம்பந்தியம்மாளே வாயைத் திறந்து பாராட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் கழித்து அத்தான் கிணற்றடியில் குளிக்கப் போனார். கழற்றி வைத்த கடிகாரம் தொட்டி விளிம்பிலிருந்து கருங்கல் தளத்தில் விழுந்தது. கண்ணாடி மூன்று துண்டு.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. "போலிச் சரக்கை அசல்னு கட்டிவிட்டு எங்களை ஏமாத்திட்டாக" என்றார்கள் அவர்கள். "ஊசிக்கு அசையாதது ஒரு முழம் உயரத்துல விழுந்தா உடையும்? வேணும்னே போட்டு உடைச்சிருக்காரு" என்றார் பெரியப்பா. பேச்சு வளர்ந்தது. அக்கா ஒரு தகரப்பெட்டியோடு பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். மூன்று வாரம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும்.

கைக்கடிகாரம் ஆதியில் பெண்களின் ஆபரணம். ஆண்பிள்ளைகள் சட்டைப் பையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்குப் பையைத் துழாவ நேரமில்லாததால் கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறியது. ஏறிய நாளிலிருந்தே அடியும் உரசலும் அதன் தலையெழுத்தாயின. சிப்பாய்கள் கண்ணாடிக்கு மேலே கிராதி போன்ற உலோக மூடி போட்டுக்கொண்டார்கள். மணி பார்ப்பது சிறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போலத்தான்.

அடுத்த அத்தியாயம் நம் தேசத்திலேயே நடந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகள் போலோ ஆடும்போது கடிகாரக் கண்ணாடிகள் உடைந்துகொண்டே இருந்தன. 1930 வாக்கில் இங்கே வந்த சீஸர் டி ட்ரே என்ற கடிகார வியாபாரியிடம் அவர்கள் முறையிட்டதாகச் சொல்கிறார்கள். அதன் பலன்தான் 1931-இல் வந்த 'ரிவர்ஸோ'. ஆட்டம் தொடங்குமுன் முகத்தைத் திருப்பி உள்பக்கம் வைத்துவிடலாம். முதுகு அடி வாங்கிக்கொள்ளும். அடிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று பேடண்டு வாங்கினார்கள்!

அதே முப்பதுகளில் அக்ரிலிக் பிளாஸ்டிக் கண்ணாடியும் வந்தது. அது சுலபத்தில் உடையாது. ஆனால் சட்டைக் கை பட்டாலும் கீறும். பெரியப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி. ஜனதா. பெங்களூரில் 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் ஒத்தாசையோடு தொடங்கிய தொழிற்சாலையின் கடிகாரம். 2016-இல் அந்தக் கம்பெனியை மூடவே சர்க்கார் முடிவு செய்துவிட்டது. பெரியப்பாவின் ஜனதா பருத்திப் பொதி, தராசுச் சங்கிலி, லாரிக் கதவு எல்லாவற்றோடும் உரசி உரசிப் புகை படிந்த மாதிரி இருக்கும். தீபாவளிக்குத் தீபாவளி பெரியம்மா பற்பசையைத் தொட்டு வேட்டித் துணியால் தேய்த்தால் மறுபடி முள் தெரியும். அது எத்தனை தரம் விழுந்தது என்பதற்குக் கணக்கில்லை.

1812-இல் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களை ஒன்றால் ஒன்றைக் கீறிப் பார்த்து வரிசைப்படுத்தினார். மாக்கல் 1, வைரம் 10. தங்கத்துக்கு அந்த வரிசையில் மூன்றுகூடத் தேறாது. கண்ணாடிக்கு ஐந்தரை, கடிகார எஃகும் ஏறக்குறைய அங்கேதான். மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கோ 7. கரிசல் களி கைக்கு மிருதுவானதுதான். ஆனால் சித்திரை மாதக் காற்று கிளப்பும் புழுதியில் நுண்மணலும் கலந்தே வருகிறது. லட்ச ரூபாய் தங்கக் கடிகாரமானாலும், எட்டயபுரம் தெருப் புழுதியை வேட்டி முனையால் துடைத்தால் கோடு விழத்தான் செய்யும்.

குவார்ட்ஸை வெல்ல 9-ஆம் படிக்குப் போகவேண்டும். அங்கே இருப்பது மாணிக்கமும் நீலமும். இரண்டும் ஒரே கல், நிறந்தான் வேறு. இங்கிலீஷ்காரர்கள் அதைக் 'கொரண்டம்' என்கிறார்கள். அந்த வார்த்தை நம்முடைய 'குருந்தம்' என்பதிலிருந்து போனது என்பது எனக்குக் கொஞ்சம் பெருமை. சாணைக்கல்லில் நம்மவர்கள் காலங்காலமாகப் பொடித்துப் போட்ட சரக்கு அது.

1902-இல் வெர்னே என்ற பிரெஞ்சு ரசாயனி, அலுமினாத் தூளைத் தீச்சுடர் வழியே சொட்டச் சொட்ட உருக்கி மாணிக்கத்தைச் செயற்கையாகவே வளர்த்துக் காட்டினார். கடிகாரத்துக்குள் அச்சு சுழலும் குழிகளுக்கு அந்தக் கல்லை வைத்தார்கள். முகத்தில் '17 ஜூவல்ஸ்' என்று எழுதியிருப்பது அதைத்தான். பெரியப்பாவின் ஜனதாவுக்குள்ளேயே குருந்தம் இருந்தது, அவருக்குத் தெரியாமல்! நிறமில்லாமல் வளர்த்து, தகடாக அறுத்து முகத்துக்குப் போட்டால் கீறாத கண்ணாடி. 1962-இல் ராடோ கம்பெனி டங்ஸ்டன் கார்பைடில் உறையும் குருந்தத்தில் கண்ணாடியுமாக 'டயாஸ்டார்' வெளியிட்டது. பிறகு பல கம்பெனிகளும் அந்தக் கண்ணாடிக்கு மாறின.

மூன்றாவது வாரம் பெரியப்பா அந்தச் சில்லுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் புறப்பட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒரு சில்லை எடுத்து, மேஜை மேலிருந்த பழைய கண்ணாடித் துண்டில் இழுத்தார். துண்டில் வெள்ளைக் கோடு விழுந்தது, சில்லுக்கு ஒன்றுமில்லை.

"அசல்தான் மொதலாளி. கீறல் வேற, உடைசல் வேற. ரொம்ப விறைப்பா இருக்கிறது வளையாதுல்லா? கல்லுல முனை பட்டா தெறிச்சிரும். உங்க கையில கெடக்கே ஜனதா, அது வளைஞ்சு குடுத்துரும். அதான் தப்பிச்சுக்கிட்டே கெடக்கு."

"அப்ப மாப்ளை வேணும்னு உடைக்கலை?"

"வேணும்னு உடைக்கணும்னா சுத்தியல்லா எடுத்திருப்பாரு!"

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. அந்தக் கண்ணாடிக்கு மாற்று பம்பாயிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம் என்றார் ரிப்பேர்க்காரர். சாதாரணக் கண்ணாடியே போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, நேரே சம்பந்தி வீட்டுக்கு நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மாப்ளே, நான் பேசுனது தப்பு" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து அக்காவைக் கூட்டிப் போனார்.

போன தை மாதம் அத்தான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவருக்கு இப்போது அறுபது வயது. அதே கடிகாரம் கையில் கிடந்தது. கண்ணாடி முழுக்கக் கோடுகள். மணி பார்க்க வெளிச்சத்துப் பக்கம் சாய்த்தார். "புதுக் கண்ணாடி போடலாமே அத்தான், இப்பத்தான் சுலபமா கிடைக்குதே" என்றேன்.

அக்கா பந்தியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "வேண்டாம் தம்பி, போட்டா அப்புறம் குளிக்கப் போறப்ப எங்கிட்டல்லா கழட்டிக் குடுப்பாரு" என்றாள்.