கொசுவை வென்ற கூட்டறிவு



நம்ம பாட்டன் காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்தால் லயத்துக்கு லயம் சாவு விழும். 1897-இல் செக்கந்திராபாத்தில் டாக்டர் ரொனால்ட் ராஸ், அக்கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் மருந்தோடு நிற்கவில்லை. சதுப்பு நிலத்தில் கான் வெட்டித் தண்ணீரை வடியவைத்தார். காய்ச்சல் குறைந்தது.

ஆனால் மலைத் தோட்டங்களில் அது பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும், வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. அதன் குணமறிந்து பூமிக்கடியில் குழாய் பதித்தார்கள். ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். அந்த வேலையில் உழைத்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

வைத்தியம், பூச்சியியல், பொறியியல் மூன்றும் கைகோத்ததால் உயிர்கள் பிழைத்தன. ஆகவே தம்பி தங்கைகளே, 'இந்தப் பாடம் எனக்கெதுக்கு?'ன்னு எதையும் ஒதுக்கிடாதீங்க!