உவகை

'உவ' என்றால் மகிழ். அதில் பிறந்த சொல் உவகை. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான இது செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து தோன்றும் என்கிறது தொல்காப்பியம். விளையாட்டையும் சேர்த்தார்களே, அதுதான் எனக்கு வியப்பு.

மனச்சோர்வில் உவகை வற்றிப்போகும். இன்பத்தை உணர முடியாத நிலைக்கு 1896இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ வைத்த பெயர் அன்ஹெடோனியா. கிரேக்க வேரில் 'இன்பமின்மை'. அதில் சிக்கிய நெல்லைப் பையன் "ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்கு" என்பான். அது சோம்பல் இல்லை. இதற்குத் தரும் செயல்வழிச் சிகிச்சை, ஆசை வரட்டும் என்று காத்திருக்காது. சின்னச் செயலை முன்னால் வைக்கும். கூட்டாளி "வாலே" என்று கூப்பிட, குறுக்குத்துறைப் படியிறங்கித் தாமிரபரணியில் கணுக்கால் நனைய நிற்பது. வீடு வந்ததும், அப்போது மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் எழுதுவது. முதல் நாள் ஒன்று போடுவான். மறுநாளும் படியிறங்க வேண்டும்.